விலையற்ற உயிர்

தெருமுனையில் ஒரு நாயை மற்றொரு நாய் கடித்துக் குதறிவிடுகிறது. கடிபட்டது காலை இழுத்துக்கொண்டு வந்து ஒரு வீட்டுத் திண்ணையோரம் சுருண்டு படுக்கிறது. அவ்வீட்டுப் பிள்ளை மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். "தொடாதே, நஜீஸ்!" என்கிறார் பெரியவர். நம் இல்லங்களில் கேட்டுப் பழகிய சொல் இது. பெரியவர் சொன்னது சட்டம், பிள்ளை செய்ய முனைந்தது அறம் என்று பிரித்துப் பேசுவாரும் நம்மிடையே உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டத்தை முழுவதும் ஓதியவர்க்கு அவ்வாறு பிரிக்க இடமிராது.

ஹனஃபிகள் நாயின் எச்சிலை அசுத்தம் என்பர், உடலை அன்று. மாலிகிகளோ உயிருள்ள நாய் சுத்தமானதே என்பர். அவை கிடக்க, மிகக் கடுமையானதாகிய ஷாஃபிஈ மத்ஹபையே எடுத்துக்கொள்வோம். நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்கிறது அது. தேவையின்றி அசுத்தத்தைப் பூசிக்கொள்வதைத்தான் தடுக்கிறதேயன்றி, தேவைக்காகத் தொட்டவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. உலர்ந்த கை உலர்ந்த உரோமத்தில் பட்டால் கழுவுதலும் இல்லை.

இனி, அதே நூல்களில் தயம்மும் பாடத்தைத் திறந்து பாருங்கள். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவியின் 'மின்ஹாஜ்', மதிப்புக்குரிய ஓர் உயிரின் தாகத்துக்கு நீர் தேவைப்படுமாயின் உளூவை விட்டுத் தயம்மும் செய்ய வழிவிடுகிறது. கடிக்கும் வெறிநாய் இதில் அடங்காது. காவல் நாயும் வேட்டை நாயும் அடங்கும். பயனுமின்றித் தீங்குமின்றித் திரியும் நாயைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதுவும் மதிப்புக்குரியதே என்பது இமாம் ரம்லீயின் முடிவு. இம்மத்ஹபில் நாயை விற்கவியலாது. கொன்றவன் அதற்கு ஈட்டுத்தொகை தர வேண்டியதும் இல்லை. விலை இல்லை, மதிப்பு உண்டு! சந்தையில் ஒரு காசு பெறாத உயிருக்காகத் தொழுகைக்கு வைத்த நீரை விட்டுக்கொடுக்கச் சொல்லும் சட்டத்தை ஈரமற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?

காவலுக்கு வளர்த்த நாய் கடிபட்டு முடமானதும் அதைக் கொண்டுபோய் ஊர்க்கோடியில் விட்டுவருவோர் உண்டு. நோயுற்றுப் பயன்படாது போன பிராணிக்கும் உடையவன் செலவிடக் கடமைப்பட்டவன் என்று இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (மறைவு ஹிஜ்ரி 660) எழுதிவைத்திருக்கிறார்கள். கடித்த நாயைக் கல்லால் அடிப்பதும் நீதியன்று. பகுத்தறிவற்ற உயிருக்கு ஏது தக்லீஃப்? கடிக்கும் என்று அறிந்தும் அவிழ்த்துவிட்டவர் எவரேனும் இருப்பின் அவரைத்தான் கேட்க வேண்டும்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது, நேயர்கள் அறிந்ததே. காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு அவர் கிணற்றிலிருந்து ஏறினார் என்பதை மட்டும் இங்கே கவனியுங்கள். இரக்கத்தோடு கிணறு ஏறவும் தெரிந்திருந்தது அவருக்கு. மஞ்சளோடு ஓடிய பிள்ளைக்கு இரக்கம் இருந்தது, வகைதான் தெரியவில்லை.

நோவில் துடிக்கும் நாய், சோறிட்ட கையையும் கடிக்கும். ஆகவே மூச்சுத் திணறல் இல்லையானால் மெல்லிய துணியால் முதலில் அதன் வாயைத் தளரக் கட்டுதல் வேண்டும். நாயின் கோரைப்பல் தோலில் சிறு துளைதான் இடும். உள்ளே சதையைக் கிழித்திருக்கும். வெளியே ஒன்றுமில்லை என்று விட்டால் சில நாளில் சீழ் கட்டும். இரத்தம் பெருகினால் தூய துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றபின் சுற்றியுள்ள உரோமத்தைக் கத்தரித்து, தூய நீராலோ கொதித்தாறிய உப்பு நீராலோ புண்ணை நன்கு அலச வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வேண்டா. நாம் விழுங்கும் வலி மாத்திரைகளும் ஆகா. அவற்றுள் சில நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழுத்து, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் கடிபட்டிருந்தால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஈ மொய்த்த புண்ணில் புழு வைக்கும் என்பதையும் மறவாதீர்.

கடித்தது வெறிநாயாக இருக்கலாம் என்ற அச்சம் எப்போதும் உண்டு. எனவே கடிபட்டதற்குத் தடுப்பூசி போடுவது பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள். உதவியவர் கையில் கீறல் இருந்து அதில் எச்சில் பட்டால், சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஏழு முறை கழுவுவது வணக்கத்துக்கான தூய்மை; இது உயிருக்கான காப்பு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

புண் ஆறியபின்னும் அச்சம் ஆறுவதில்லை. கட்டிலடியில் ஒளியும்; அழைத்தால் உறுமும்; வேற்று நாயின் குரல் கேட்டாலே நடுங்கும். இழுத்து வெளியே போடாமல், நீரையும் சோற்றையும் அருகில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். சில நாய்கள் இரண்டாம் நாளே வாலாட்டி வரும். சிலவற்றுக்கு வாரங்கள் ஆகும்.