மறுப்புக்கு இடமுள்ள பொருள்

தருமபுரி ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதனால் பற்களும் எலும்புகளும் கெடுகின்றன என்பதும், அதை முன்னிட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது என்பதும் எவரும் மறுக்காத செய்திகளாதலின், அவற்றை நிலைநாட்ட ஒரு மாணவன் ஆராய்ச்சி வியாசம் எழுதப் புகுவது, எதிர்த்தரப்பு வக்கீலே இல்லாத நியாயஸ்தலத்தில் வாதாடுவதை ஒக்கும். ஆனால், வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லைத் தாண்டி ஓடும் காவிரியின் உபரி நீரை இறைத்து, மேட்டில் கிடக்கும் இந்த ஜில்லாவின் ஏரிகளை நிரப்ப வேண்டுமா என்று அவன் வினவுவானாயின், விஷயம் உடனே உயிர் பெறுகிறது. ஏரி நிறைந்தால் கிணறும் ஊறும், பிழைப்பு நாடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் குறைவார்கள் என்பது ஒரு பட்சம்; ஆண்டில் சில நாட்களே வருவதும், சில ஆண்டுகளில் வாராமலே போவதுமான வெள்ளத்துக்காகப் பெரிய பம்புகளை நிறுவி மின்சாரச் செலவையும் சுமப்பதா, மேட்டூர் அணையை நம்பியிருக்கும் டெல்டா விவசாயிக்கு என்ன சமாதானம் சொல்வது என்பது மற்றொரு பட்சம். என் மனம் முந்தியதன் பக்கமே சாய்கிறது. எனினும் பிந்தியதை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரி நீர்வரத்துக் குறிப்புகளைக் கையில் எடுத்து, உபரி என்பதை மேட்டூர் அணை நிரம்பிய பிறகு கணக்கிடுவதா, அதற்கு முன்னரேயா என்ற கேள்வியிலிருந்து அவன் தொடங்கலாம்.