ஔவையும் தவ்வையும்

‘கிழவி’ என்ற சொல் தமிழில் தொடக்கத்தில் ஏளனச் சொல் அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் கிழவன் என்றால் தலைவன். கிழத்தி, கிழவி என்றால் தலைவி. கிழமை என்பது உரிமை. உரிமை உடையவள் என்ற பொருளில் இளம்பெண்ணும் அங்கே கிழவிதான். காலப்போக்கில் சொல்லிலிருந்து உரிமை உதிர்ந்து வயது மட்டும் ஒட்டிக்கொண்டது. ‘மூதேவி’க்கும் ஏறக்குறைய இதே கதி. மூத்த தேவி என்று பொருள்படும் ஒரு தெய்வத்தின் பெயர், விடிந்தும் எழுந்திருக்காத மகளைத் திட்டும் வார்த்தையாகிவிட்டது. கதைகளிலும் புராணங்களிலும் இருக்கும் அறிவு முதிர்ந்த கிழவியை மீட்டெடுப்பது என்றால், தமிழில் அந்த வேலை இந்தச் சொற்களைத் துடைத்துப் பார்ப்பதில் தொடங்குகிறது.

சங்கப் பாடல்களில் முதியவளுக்கு ஊரில் ஒரு பொறுப்பு இருந்தது. முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டுவிட்டு, காதில் விழும் முதல் பேச்சுக்காகக் காத்து நிற்கிறார்கள். எங்கோ ஓர் இடைப்பெண், தாய்ப்பசுவைக் காணாமல் கலங்கும் கன்றிடம் உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று சொல்கிறாள். அது போதும், நல்ல செய்தியோடு திரும்பிவிடுகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் தலைவனை எண்ணித் தூங்காமல் கிடக்கும் ஒருத்திக்கு எந்தச் சொல் தேவை என்பது அந்த முதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் வரும், குறி சொல்லும் கட்டுவிச்சி இன்னும் கூர்மையானவள். சங்குமணியைக் கோத்ததுபோல் நரைத்த நீண்ட கூந்தல் அவளுக்கு. மகள் ஏன் மெலிகிறாள் என்று அறியத் தாய் அவளை அழைத்திருக்கிறாள். கிழவி வழக்கப்படி ஒவ்வொரு மலையாகப் பாடிக்கொண்டு போகிறாள். சட்டென்று மகளின் தோழி குறுக்கிட்டு, அவருடைய மலையைப் பாடினாயே, அதையே இன்னொரு முறை பாடு என்கிறாள். ‘அவர்’ யார் என்ற கேள்வி வீட்டுக்குள் எழுந்துவிட்டது. மறைத்து வைத்த காதல் வெளியே வந்துவிட்டது. கிழவியின் பாட்டு இல்லாமல் அந்தக் கதவு திறந்திருக்காது.

அந்தப் பாட்டை இயற்றியவர் ஔவையார். தமிழர் மனத்தில் கிழவி என்றதும் வந்து நிற்கும் உருவமே அவர்தான். கோல் ஊன்றிய கை, நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சேலை. ஆனால் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் பாடிய ஔவையாரிடம் அந்தக் கோலைக் காண முடியவில்லை. புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பேசுபவள் மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடைய, ஆடிப்பாடும் இளம் விறலி. உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று பகையரசன் கேட்கிறான். அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பு போன்ற மறவர்கள் உண்டு. மன்றத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி ஒலி எழுந்தாலும் போர் வந்துவிட்டது என்று எழுகிற எங்கள் தலைவனும் உண்டு என்கிறாள் அவள். அந்தத் தலைவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், நெல்லிக்கனி பெற்றவர், அவன் இறந்தபோது அவனோடு கள் பகிர்ந்து உண்ட நாள்களை நினைத்து அழுதவர் இந்த ஔவையார்.

இவர் எப்போது கிழவியானார்? ஔவையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இருந்தார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடியவர் சங்க ஔவைக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். மக்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே பாட்டியாக்கி, அவளுக்கு ஒரு கதையும் கட்டினார்கள். வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள். விருப்பமில்லாத பெண் பிள்ளையாரிடம் அழுகிறாள். அவர் அவளுடைய இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைக் கொடுக்கிறார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. ஊர் ஊராகத் தனியே நடக்கவும், அரசனிடம் நேருக்கு நேர் பேசவும், கூழுக்குப் பாடவும் நரைமுடிதான் அனுமதிச் சீட்டு. அதியமானோடு கள் குடித்த விறலிக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தால், இடையில் என்ன மாறியது என்பது புரியும்.

அனுமதி கிடைத்தபின் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை சிறுவர்களுக்கு நீதி சொல்வது. ஆத்திசூடியில் பெண் சொல்லைக் கேட்காதே என்று பொருள்படும் ஓர் அடியும் இருக்கிறது. மனைவியின் சொல்லுக்கு அடிமையாகாதே என்பதுதான் அதன் பொருள் என்று உரைகாரர்கள் சமாளிப்பது உண்டு. எப்படியானாலும், அதைச் சொல்வது ஒரு பெண். கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள். பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியபோது அந்த அடியைத் தலைகீழாக்கினார். ஔவை பெயரிலேயே வழங்கும் விநாயகர் அகவலும் ஔவை குறளும் உடலையும் மூச்சையும் பற்றிய யோக நூல்கள். பாடப்புத்தகம் அவற்றின் பக்கம் போவதில்லை. 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தபோது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஔவை என்றால் அந்த முகமும் அந்தக் கணீர்க் குரலும்தான். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுந்த சிலையும் முதியவளின் சிலையே.

காரைக்கால் அம்மையார் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தவர். விட்டுப்போய் வேறு மணம் செய்துகொண்ட கணவன் காலில் விழுந்து வணங்கியபோது, இனி இந்த உடலின் தசை யாருக்காக என்று கேட்டு அதை உதறிப் பேய் வடிவம் பெற்றார் என்கிறது பெரியபுராணம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளம் ஏந்தி உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் நல்ல மகிழ்ச்சி. கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் அமர்ந்திருப்பார். சிவனே ‘அம்மையே’ என்று அழைத்த பெண்ணுக்கு அந்த மரியாதை.

இவர்கள் இருவரும் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள். தள்ளப்பட்டவள் தவ்வை, அதாவது மூதேவி. அவ்வை என்றால் தாய், மூத்தவள். தவ்வை என்றால் தமக்கை. தம் அவ்வை என்பதே தவ்வை ஆயிற்று என்று பிரிப்பதும் உண்டு. பாற்கடலில் திருமகளுக்கு முன் தோன்றியதால் மூத்தவள். சேட்டை என்றும் பெயர். பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வையிடம் ஒப்படைத்துவிடுவாள் என்கிறது திருக்குறள். பெருத்த வயிறும் தொங்கவிட்ட கால்களுமாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் மாட்டுமுக மகனும் ஒரு மகளும்; கொடியில் காக்கை, ஊர்தி கழுதை, கையருகே துடைப்பம். (காக்கைக் கொடியுடைய இவளுக்கும், காக்கையிடம் வடையைப் பறிகொடுத்த பாட்டிக்கும் உறவு தேடிப் போவது வீண்வேலை, ஆனால் ஆசை வராமல் இல்லை.) இந்த அடையாளங்களில் அமங்கலம் எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். துடைப்பம் இல்லாமல் எந்த வீட்டில் திருமகள் நுழைவாள்?

ஒரு காலத்தில் அவளுக்குக் கோயில் எடுத்தார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தவள் ஒரு பெண்: பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி. கல்வெட்டு கலி 3874ஐச் சொல்கிறது, அதாவது கி.பி. 773. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், சேட்டையிடம் செல்வம் எதிர்பார்த்திருப்பவர்களைக் கடிந்துகொள்கிறார். கடியும் அளவுக்கு அவளை நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு வழிபாடு பெரும்பாலும் நின்றது. பெயர் மட்டும் வாய்களில் வசையாக நீடிக்கிறது.

ஔவையின் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூதேவி என்று ஒருத்தியைத் திட்டினால் எதுவும் மீளவில்லை. நீதி சொல்லும்வரை பாட்டி, வேலை முடியாவிட்டால் மூதேவி என்பது ஒரே கணக்கின் இரண்டு பக்கம். மீட்பு என்றால் கள் குடித்த ஔவையையும் துடைப்பம் வைத்த தவ்வையையும் சேர்த்தே மீட்க வேண்டும். பாதி மீட்பு மறுபடியும் ஆத்திசூடிப் பாட்டியிடம்தான் கொண்டுவிடும்.

யாரும் மீட்கத் தேவையில்லாத ஒரு கிழவியும் இருக்கிறாள். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பக்கத்திலும் ஆடி, தை, மாசிச் செவ்வாய்க் கிழமைகளில் பெண்கள் ஔவையார் நோன்பு இருக்கிறார்கள். “அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி” என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, இரவில் பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடித்து அவிப்பார்கள். விளக்கைச் சுற்றி உட்கார்ந்ததும் மூத்தவர் ஒருவர் ஔவையின் கதையைச் சொல்வார். ஆண்பிள்ளை குழந்தையானாலும் அங்கே இடமில்லை. கொழுக்கட்டையை ஆண்கள் கண்ணில் காட்டுவதும் இல்லை. விடிவதற்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுவார்கள். அந்த வீடுகளின் ஆண்கள் பலருக்கு, அந்த இரவில் சொல்லப்படும் கதை என்னவென்று இன்றுவரை தெரியாது.