நூறு சட்டைதான் என்று சொன்ன பிறகு

துணி வியாபாரம் கண்ணியமான தொழில். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரியாக இருந்தார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆனால் இன்று நம் பிள்ளைகளில் சிலர் சொந்தமாகத் தொடங்கும் துணிக்கடை வேறு தினுசு. டீ-சர்ட், தலைமூடியோடு தைத்த ஹூடி, தொப்பி, பை என எல்லாவற்றிலும் கடையின் முத்திரை இருக்கும். 'ஸ்ட்ரீட்வேர்' என்கிறார்கள். ஒரு டிசைனில் 100 சட்டை மட்டும் அச்சிடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே விலையும் அதிகம். வேண்டுமென்றே சரக்கைக் குறைத்து விலையை ஏற்றுவது பதுக்கல் ஆகாதா என்று வீடுகளில் கேட்கிறார்கள்.

இந்த முறைக்குப் பேர்போனது நியூயார்க்கின் சுப்ரீம் கடை. 1994இல் லஃபாயெட் தெருவில், சக்கரப்பலகை ஓட்டும் இளைஞர்களுக்காகத் திறக்கப்பட்ட சிறிய கடை அது. வியாழக்கிழமைதோறும் புதுச்சரக்கைக் கொஞ்சமாக இறக்கும். வாங்க வரிசை நிற்கும். 2016இல் தன் பெயர் பொறித்த செங்கல் ஒன்றை 30 டாலருக்கு விற்றது. அதுவும் தீர்ந்து, கைமாறிப் பல மடங்கு விலைக்குப் போயிற்று. (வாங்கியவர் ஒரு கல்லை வைத்து என்ன கட்டினாரோ!) 2020இல் அந்தக் கடையையே வி.எஃப். நிறுவனம் 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் 150 கோடி டாலருக்கு விற்றுவிட்டது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். பதுக்கல் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் உணவுப்பொருளைப் பற்றியது. ஹனஃபீ இமாம்களில் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள், எதைத் தடுத்துவைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அதெல்லாம் பதுக்கலே, துணியானாலும் சரி என்றார்கள். அந்த விரிந்த கருத்தை எடுத்துக்கொண்டாலும், படம் போட்ட ஒரு பனியன் கிடைக்காததால் யாருக்கும் தீங்கில்லை. உடுத்த வேறு துணி கடைத்தெரு முழுக்கக் கிடக்கிறது. மேலும், சிறிய கடைக்காரர் 1,000 அச்சிட்டு 800 தேங்கினால் முதலே போய்விடும். அவர் குறைவாக அச்சிடுவது பெரும்பாலும் தந்திரமல்ல, பயம். உயிருள்ளவற்றின் உருவத்தை அச்சிடுவது தனி மஸ்அலா. அதை இங்கே எடுக்கவில்லை.

ஆகவே குறைவாகச் செய்வது குற்றமல்ல. குறைவு என்று பொய் சொல்வதுதான் குற்றம். பின்னறையில் 60 சட்டை இருக்க, 'கடைசி மூன்று' என்று பலகை வைக்கிறார்கள். நண்பர்களை வரிசையில் நிறுத்துகிறார்கள். தாமே வேறு பெயரில் அதிக விலைக்குக் கேட்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி நடந்த விற்பனை நம் இரு மத்ஹபுகளிலும் செல்லும், பாவம் மட்டும் செய்தவரைச் சேரும். மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபுகளிலோ, நிபந்தனைகளோடு, வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. 'வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்' என்பவர்கள் இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் கடையை நினைக்கட்டும். குறையுள்ள துணி ஒன்றை, குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் ஒப்படைத்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

இன்னொன்று. 100தான் என்று விற்ற பிறகும் ஆட்கள் கேட்டு வந்தால் மறுபடி அச்சிடலாமா? முதலில் வாங்கிய நூறு பேர் அந்த எண்ணை நம்பித்தான் கூடுதல் விலை கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் 150 ஆக்குவது ஏமாற்று. நிறத்தை மாற்றி, கழுத்துப் பட்டியில் 'இரண்டாம் அச்சு' என்று பொறித்து விற்றால் பழுதில்லை. அதைவிடத் தொடக்கத்திலேயே 'முதல் அச்சு 100' என்று எழுதிவிடுவது நல்லது. அப்படி எழுதினால் முதல் நாள் கூட்டம் சற்றுக் குறையும் என்பதும் உண்மைதான்.