ஆள் நிற்காத படங்கள்

டிசம்பர் பிறந்தால் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கவுண்டியின் காலண்டர் தொங்கும். பன்னிரண்டு தாள், பன்னிரண்டு இடம். மணல்மேடுகளுக்குப் பின்னால் பாம்பரோ கோட்டை. லிண்டிஸ்ஃபார்ன் தீவில் கவிழ்த்துப்போட்டு, கதவு வைத்து, கொட்டகையாக்கிய பழைய மீன்பிடிப் படகுகள். பனி படர்ந்த ஹேட்ரியன் சுவர். விடியற்காலைச் சிவப்பில் டன்ஸ்டன்பரோ கோட்டையின் இடிந்த வாசல் கோபுரங்கள். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சம் விழவேண்டிய இடத்தில் விழுந்திருக்கும். ஆடு இருக்கும், கடற்பறவை இருக்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டார். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை புரட்டினாலும் ஒரு முகம், ஏன், ஒரு முதுகுகூடக் கண்ணில் படாது.

பக்கத்து நியூகாசிலில் குடியிருந்துகொண்டு, லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். என் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதும் பெரும்பாலும் அதே பன்னிரண்டு இடங்கள்தான். அதனால் காலண்டரைக் கேலி செய்ய வரவில்லை. ஓர் இடம் அழகாகத் தெரியவேண்டும் என்றால் அங்கே இருக்கிறவர்களை ஏன் முதலில் வெளியே அனுப்புகிறோம் என்ற கேள்வி மட்டும் சில காலமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

அனுப்பும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க, குளிர்காலத்தில் எம்பிள்டன் கடற்கரைக்குப் போகவேண்டும். அங்கே டிசம்பரில் சூரியன் தலைகாட்ட எட்டரை மணி ஆகிவிடும். ஆனால் ஏழு மணி இருட்டிலேயே நெற்றி விளக்குகள் மணலில் ஊர்ந்து வரும். வளைகுடாவின் தென்கோடியில், கோட்டைக்குச் சற்று வடக்கே, உருண்டு வழவழத்த கரும்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. எல்லோருக்கும் வேண்டிய முன்புலம் அதுதான். பாசி பிடித்த பாறை. கால் வைத்தால் வழுக்கும். ட்ரைபாடின் மூன்று கால்களையும் மூன்று பாறை இடுக்குகளில் சொருகி, கையால் அழுத்திப் பார்த்து, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போன்ற ஒரு ஃபில்டரை மாட்டுவார்கள். அது வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதால் ஷட்டரை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்தே வைக்கலாம். அந்த நேரத்தில் பாறையில் மோதிச் சிதறும் அலையெல்லாம் கரைந்து, ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல் கடல் அடங்கிவிடும். எதிரே கோட்டை, அதன் பக்கமாக உதயம். ஓவியர் டர்னர் 1797-ல் இந்தப் பக்கம் வந்துபோனார். மறு ஆண்டு அவர் காட்சிக்கு வைத்த டன்ஸ்டன்பரோ ஓவியத்திலும் நேரம் சூரிய உதயம்தான். ஆக, இந்தச் சட்டகத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

அப்படி ஒரு காலையில், நாங்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு பாறையில் நின்று வெளிச்சத்துக்குக் காத்திருந்தோம். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி நாயோடு வந்தார். நாய் நேராக எல்லோருடைய ஃப்ரேமுக்குள்ளும் போய் ஒரு கட்டையை மோந்துகொண்டு நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஷட்டர் ரிலீஸிலிருந்து விரலை எடுத்துவிட்டோம். அது அவருக்குப் புரிந்துவிட்டது. “உங்க படத்துக்குக் குறுக்கே வந்துட்டோமா? மன்னிச்சுக்குங்க. நாங்க இப்போ போயிடுவோம், கோட்டை எங்கேயும் போயிடாது” என்று சிரித்தபடி நாயை இழுத்துக்கொண்டு நடந்தார். மழையோ வெயிலோ, தினம் அந்த வழியாக நடக்கிறவர் அவர். நாங்கள் வெளியூர்க்காரர்கள். மன்னிப்புக் கேட்டது அவர்.

அவர் நிற்காமல் நடந்துகொண்டே இருந்திருந்தால் நாங்கள் காத்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் நடக்கிற ஆள் பதியமாட்டார். புகைப்படக் கலை பிறந்தபோதே இது தெரிந்ததுதான். 1838 வாக்கில் பாரிஸ் வீதி ஒன்றை மாடியிலிருந்து டகேர் படம் எடுத்தார். வண்டியும் ஜனமுமாக நெரிந்த வீதி, தகட்டில் வெறிச்சென்று விழுந்தது. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் மூலையில் பதிந்திருக்கிறார். அன்றைக்கு அது கருவியின் இயலாமை. ஓடுகிற குதிரையை நிறுத்திப் பதிய அதன்பின் எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுத்து ஃபில்டர் வாங்கி அதே இயலாமையைத் திரும்ப வரவழைக்கிறோம். அதற்கும் தப்பியவரை அழிக்க போனிலேயே ஒரு பொத்தான் வந்துவிட்டது.

நார்தம்பர்லாந்துக்கு வெறுமை என்பது விற்பனைச் சரக்கும்கூட. ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டரில் சுமார் 3,20,000 பேர்; இங்கிலாந்திலேயே ஜன நெருக்கம் மிகக் குறைந்த கவுண்டிகளில் ஒன்று. இரவு வானம் இருட்டாக இருப்பதற்கே 2013-ல் சர்வதேச அங்கீகாரம் வாங்கிய ஊர். ஆனால் அந்த ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தென்கிழக்கு மூலையில், ஆஷிங்டன், பிளைத், கிராம்லிங்டன் பக்கத்துப் பழைய நிலக்கரிப் பட்டியில் நெருங்கி வாழ்கிறார்கள். காலண்டர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. எம்பிள்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் லைன்மவுத் வந்துவிடும். அதே கடல், அதே கிழக்கு, அதே உதயம். ட்ரைபாட் ஒன்றைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை.

அந்தக் கரையை ஒருவர் பார்த்தார். கிறிஸ் கில்லிப் என்ற புகைப்படக்காரர். சுரங்கத்திலிருந்து கடலில் கொட்டிய கழிவில் தப்பிய நிலக்கரியை அலை திரும்பக் கரையில் ஒதுக்கும். அதை வலையாலும் மண்வெட்டியாலும் வாரி, குதிரை வண்டியில் ஏற்றி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் லைன்மவுத் கரையில் கேரவன்களில் இருந்தன. கில்லிப் 1976-ல் அந்தக் காட்சியைப் பார்த்து அசந்துபோனார். படம் எடுக்கப் போனபோதெல்லாம் அவர்கள் விரட்டிவிட்டார்கள். உதவித்தொகை ஆபீஸுக்கு உளவு சொல்ல வந்த ஆள் என்று சந்தேகம். 1982-ல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அவரும் அங்கே ஒரு கேரவனைப் போட்டுத் தங்கினார். ‘சீகோல்’ என்ற அவருடைய அந்த வரிசையில் கடல் இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது, காலண்டர்க்காரர்கள் பொறாமைப்படும் வெளிச்சமும் இருக்கிறது. கூடவே நனைந்த குதிரையும், சாக்குமூட்டையும், குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்ட மனிதரும் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபிறகு காலியான கடற்கரைப் படம் எதைப் பார்த்தாலும், ‘எல்லோரும் எங்கே போனார்கள்?’ என்று கேட்கத் தோன்றுகிறது.

காலண்டர் காட்டுகிற ‘தீண்டப்படாத இயற்கை’யிலும் கை படாத இடம் குறைவுதான். ரோமானியர்கள் கி.பி. 122-ல் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் 117 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் கல்லைப் பெயர்த்து ஊர்க்காரர்கள் வீடும் வேலியும் கட்டிக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நியூகாசிலின் நகரச் செயலர் ஜான் கிளேட்டன், சுவர் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, விழுந்த கல்லையெல்லாம் எடுத்து அடுக்க ஆள் வைத்தார். இன்று படங்களில் கம்பீரமாக மேடு ஏறி இறங்கும் பல பகுதிகள் அந்தக் கூலியாட்கள் சுண்ணாம்பில்லாமல் அடுக்கி மேலே புல்கட்டி வைத்தவை. ‘ரோமானியச் சுவர்’ என்று தலைப்பு கொடுக்கிறோம். அடுக்கியவர்களுக்கு அங்கேயும் இடமில்லை.

அந்தச் சுவர் ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கி உடனே ஏறும். பள்ளத்தின் நடுவில் ஒற்றை சிகமோர் மரம். கிளேட்டன் நட்டதாகத்தான் சொல்வார்கள். 1991-ல் கெவின் காஸ்ட்னர் நடித்த ராபின் ஹூட் படத்தில் வந்து உலகப் பிரபலமானது, 2016-ல் இங்கிலாந்தின் ‘இந்த ஆண்டின் மரம்’ என்று தேர்வானது. இரண்டு பக்கமும் சமமாக இறங்கும் சரிவு, நடுவில் மரம், மேலே வானம். யார் எடுத்தாலும் படம் விழும். பகலில் குடும்பங்கள் வந்து மரத்தடியில் நின்று போட்டோ பிடித்துக்கொள்வார்கள். ட்ரைபாட் ஆசாமிகள் சற்றுத் தள்ளி, அவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரவில் பால்வீதியோடு மரத்தை எடுப்பது தனிப் பந்தயம்.

2023 செப்டம்பர் 27 இரவு, புயல் காற்றில், இரண்டு பேர் மோட்டார் ரம்பத்தோடு வந்து அதை வெட்டிச் சாய்த்தார்கள். 2025 ஜூலையில் ஆளுக்கு 4 ஆண்டு 3 மாதம் சிறை கிடைத்தது. வழக்கின் முக்கியச் சாட்சியம் அவர்கள் தாங்களே போனில் எடுத்துவைத்த, மூன்று நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோ. இருட்டு, ரம்பச் சத்தம், சாயும் ஒரு நிழல். அந்த இடத்தில் எடுத்த லட்சக்கணக்கான படங்களில் மரம் நின்ற கடைசிப் படம் அதுதான்.

செய்தி வந்த காலையில் ஜனங்கள் தங்கள் பழைய படங்களைத் தேடி எடுக்கத் தொடங்கினார்கள். நானும் தேடினேன். என்னிடம் இருந்தவை துல்லியமானவை, ஆளில்லாதவை. அவற்றை யாருக்கும் காட்டத் தோன்றவில்லை. அதே படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. அன்று மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டவை வேறு. அங்கே மண்டியிட்டு மோதிரம் நீட்டியவர், அப்பாவின் சாம்பலைத் தூவப் போன பிள்ளைகள், மூக்கொழுகும் குழந்தையும் மழைக்கோட்டும் சட்டகத்தில் பாதி மட்டும் அடங்கிய மரமுமாக ஒரு குடும்பம். யார் ஒதுங்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோமோ, அவர்களின் படங்கள். மரம் யாருக்கு எதுவாக இருந்தது என்பது அவற்றில்தான் தெரிந்தது.

ஊரிலிருக்கும் அக்காவுக்கு நான் நல்லது என்று நினைக்கிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே பதில்தான் வரும்: “படம் நல்லா இருக்குடா, நீ எங்கடா?” மாமல்லபுரமோ தாஜ்மகாலோ, முன்னால் வரிசையாகக் குடும்பம் நின்றால்தான் நம் வீட்டு ஆல்பத்தில் அது படம். காட்சிக்கு முதுகைக் காட்டி நிற்கிற அந்த வழக்கத்தைக் கேமரா கற்றுக்கொண்டவர்கள் கிண்டல் செய்வோம். இப்போது எனக்கு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை. ‘இந்த இடம் இருந்தது’ என்பதற்கு ஆயிரம் சாட்சி உண்டு. ‘இன்னார் இங்கே இருந்தார், இந்தச் சட்டையில், இந்த வயதில்’ என்பதற்கு அந்த ஒரு படம்தான்.

அதற்காக ஆளை நிறுத்தினால் போதும் என்றும் சொல்லமாட்டேன். நிலக்காட்சிப் புகைப்படக்காரர்களிடம் ஒரு தந்திரம் புழங்குகிறது: சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவரை மலைச்சரிவில் தூரமாக நிற்கவைப்பது. மலையின் பிரம்மாண்டம் தெரியும், பச்சைக்கு எதிராக ஒரு புள்ளி சிவப்பும் கிடைக்கும். அந்த ஆள் அங்கே நிறமாகவும் அளவுகோலாகவும் நிற்கிறாரே தவிர ஆளாக இல்லை. மாறாக, ஃபே காட்வின் என்ற நிலக்காட்சிப் புகைப்படக்காரரின் பல படங்களில் ஆளே கிடையாது. ஆனால் முள்கம்பியும் ‘உள்ளே வராதே’ பலகையும் இருக்கும். நடக்கும் உரிமைக்காகப் போராடும் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். யாரை உள்ளே விடவில்லை என்பதை அவர் படம் சொல்லிவிடும். ஆக, தலையை எண்ணிப் பார்த்து முடிவுசெய்கிற காரியம் இல்லை இது. அங்கே நடமாடுகிறவர்கள் நம் கண்ணுக்கு இடைஞ்சலா, விஷயமா என்பதுதான் கேள்வி.

மரம் நின்ற அந்தப் பள்ளத்துக்கு, சிகமோர் கேப்புக்கு, இப்போதும் கூட்டம் வருகிறது. அடிக்கட்டையைச் சுற்றி வேலி. 2024 கோடையில் அதிலிருந்து துளிர் விட்டது. விதையிலிருந்து வளர்த்த 49 கன்றுகள் நாட்டின் பல ஊர்களுக்கு ஒதுக்கப்பட்டன. மரம் 49 அடி உயரம் என்பதால் அந்த எண்ணிக்கை. புகைப்பட இலக்கணப்படி பார்த்தால் அந்தப் பள்ளத்தில் இன்று படமே இல்லை. வேலியோரம் நின்று அறிவிப்பைப் படிப்பவர்கள், குனிந்து துளிரைக் காட்டிப் பேரனிடம் கதை சொல்லும் தாத்தா, இவர்கள்தான் இருக்கிறார்கள். அங்கே இப்போது நான் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

லைன்மவுத்துக்கும் போய்வருகிறேன். பக்கத்துச் சுரங்கம் 2005-ல் மூடிவிட்டது. குதிரை வண்டிகள் இல்லை. அலை ஒதுக்கிய கரித்தூள் மட்டும் மணலில் இன்னும் கறுப்புக் கோடு இழுக்கிறது. தூண்டில் போடுகிறவர்கள், நாயோடு நடப்பவர்கள், வேலை நேரம் முடிந்து காரிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சாண்ட்விச் தின்பவர்கள். கேமராவை அங்கே இதுவரை பையிலிருந்து எடுக்கவில்லை. கில்லிப்புக்கே ஆறு வருஷம் ஆயிற்று. தூண்டில்காரர் ஒருவர் மட்டும் சமீபத்தில் என்னைப் பார்த்தால் தலையாட்டத் தொடங்கியிருக்கிறார். என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டதற்கு, காட் மீன் வரும், வந்தால்தான் நிச்சயம் என்றார். அடுத்த தடவை ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.