ஆற்றோர விளக்கும் நம் கணக்கும்

கோல சிலாங்கூர்ப் பாதை நமக்குப் புதிதன்று. நம்மில் பலருடைய தந்தையர் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டந்தோட்டமாக அலைந்தவர்கள். எந்தத் தோட்டத்தில் என்றைக்குச் சம்பளம், எந்த லயத்தில் யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அருகே ஓடும் சிலாங்கூர் ஆற்றின் கரையில், இரவானால் மரங்களே விளக்காக நிற்கும் என்று அவர்களில் ஒருவரும் நமக்குச் சொன்னதில்லை. இதைக் குறையாக எழுதவில்லை. ஊரில் கடனை வைத்துவிட்டுக் கப்பலேறியவருக்கு ஆற்றங்கரையில் உலாவ நேரம் ஏது? நமக்கோ சனி, ஞாயிறு இருக்கிறது; வேனும் இருக்கிறது. இருந்தும் முப்பது வருஷம் போகாமல் இருந்தோம்.

சென்ற மாதக் கடைசியில், பிறைக்கு இரண்டு நாள் முந்திய சனிக்கிழமை, நாம் எட்டுப் பேர் புறப்பட்டோம். நிலவில்லாத இரவில்தான் அந்த மரங்கள் நன்கு தெரியுமாம். பத்தாங் பெர்ஜுந்தை வழியாகச் சென்றோம். 2007 முதல் அதற்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதையடுத்து உள்ளது தென்னமரம் தோட்டம். தமிழ்ப் பெயரேதான். ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார். தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை! பெயர் வைத்த மக்களில் எத்தனை குடும்பம் இன்று அங்கே இருக்கிறது என்ற பேச்சு வேனில் எழுந்து, பதிலின்றி அடங்கியது.

அஸருக்குப் பின் மெலாவத்திக் குன்றில் ஏறினோம். 1784இல் டச்சுக்காரர் பிடித்து, மறு ஆண்டே சுல்தான் இப்ராஹீம் மீட்ட குன்று அது. உச்சியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும், பிறை பார்க்கும் மண்டபமும் இருக்கின்றன. வீட்டிலிருந்து கொண்டுபோன வடையில் பாதியைக் குரங்குகள் பெற்றுக்கொண்டன.

மஃரிபை முடித்துக்கொண்டு கம்போங் குவாந்தான் சென்று, நான்கு நான்கு பேராகச் சம்பானில் ஏறினோம். “கைபேசியை அணையுங்கள்” என்றார் துடுப்புப் போட்ட மலாய்ப் பெரியவர். அணைத்தோம். முதலில் ஒன்றுமில்லை. ஆறு வளைந்ததும் ஒரு பெரெம்பாங் மரம் முழுதும் மின்மினிகள். ஒன்றைப் பார்த்து ஒன்று மின்னி, பிறகு மரமே ஒரே தாளத்தில் மின்னியும் அணைந்தும் நின்றது. முன்காலத்தில் கடலிலிருந்து இரவில் திரும்பும் மீனவர்கள் எந்த வளைவு என்பதை இந்த மரங்களைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார்கள் என்றார் பெரியவர். குன்றின்மேல் விளக்கம் கட்டுமுன்பே ஆற்றில் விளக்கம் இருந்திருக்கிறது. எண்ணெய்ச் செலவும் இல்லை, ஆள் சம்பளமும் இல்லை.

மரம் மட்டும் இருந்தால் போதாது. மின்மினி முட்டையிடுவது கரையின் ஈரமண்ணில். அங்கே புழுவாக இருந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்ந்து, பிறகுதான் மரத்துக்கு வருகிறது. கரைப்புதரை வெட்டினால், மரம் நிற்கும், விளக்கு வராது. 2009இல் மாநில அரசு ஆற்றங்கரையின் ஒரு பகுதியைக் காப்புப் பகுதியாக அறிவித்தது இதனால்தான்.

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. நம்முடன் வந்தவர்களில் ஒரு நானாவுக்கு, காப்பு எல்லைக்கு வெளியே, ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்திருக்கிறது. புதரை வெட்டித் தங்கும் விடுதி போட யோசனை. வருகிறவர்கள் எதைப் பார்க்க வருவார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. திரும்பும் வழியில் அவரே பேச்சை எடுத்தார். “சட்டம் தடுக்கவில்லை. நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்கி வெட்டத்தான் போகிறான். புதர் எப்படியும் போகும். லாபம் மட்டும் ஏன் அவனுக்குப் போகவேண்டும்?”

“அடுத்த கடைக்காரன் மிளகாய்த்தூளில் கலப்படம் செய்கிறான் என்று நாமும் செய்யலாமா நானா?” என்றார் ஒருவர்.

“அங்கே ஏமாறுகிறவன் மனிதன். நாளைக்குக் கடைக்கு வந்து சண்டை போடுவான். இங்கே ஏமாறுவது யார், சொல்லுங்கள்!”

ஈஜோக் வரும்வரை வேனில் பேச்சில்லை. அவரைக் குற்றம் சொல்ல நம்மில் யாருக்கு வாயிருக்கிறது? காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களின் சம்பளப் பணத்தில்தானே நம் கடைகள் வளர்ந்தன? ஆயினும் அவர் கேள்விக்கு ஒரு பதில் உண்டென்றே எண்ணுகிறோம். நம் தந்தையர் சீட்டில்லாமல், சாட்சியில்லாமல், வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு வாங்கினார்கள், திருப்பியும் கொடுத்தார்கள். கொடுத்தவர் மௌத்தானபின் அவர் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கொடுத்தவர்களும் உண்டு. வந்து கேட்க ஆளில்லாத கடன் கடனில்லை என்று அவர்கள் கருதியிருந்தால், நம்மை நம்பி யார் சரக்குக் கொடுத்திருப்பார்கள்? பிழைக்க வந்த ஊர்தானே என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. விருந்தாளியானால், வந்த வீட்டு விளக்கை அணைக்க உரிமையில்லை. இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கோ இது சொந்த வீடு.

நாம் இதைச் சொன்னபோது நானா மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. தரகர் தினம் போன் செய்கிறாராம். சென்ற ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் நம்மை நிறுத்தி, “கரையிலிருந்து எத்தனை அடி விட்டுக் கட்டினால் அந்தப் புழுவுக்குப் போதும்?” என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. அந்தத் துடுப்புக்காரப் பெரியவரைக் கேட்கலாம் என்றோம். வருகிற சனிக்கிழமை இருவருமாகப் போகிறோம்.