சோறு பகையா?

உடல் பருத்தோர் சோற்றையும் மாப்பண்டங்களையும் அறவே விலக்கி, கொழுப்பையும் புரதத்தையும் உண்டுவந்தால் இளைப்பர் என்னும் கொள்கை இந்நாளில் எங்கும் பேசப்படுகின்றது. இதனைக் 'கீட்டோ' உணவுமுறை என்பர். இதற்கு நெருங்கிய முறை ஒன்று 2010-க்குப் பின் தமிழ்நாட்டில் 'பேலியோ' என்னும் பெயரால் பரவியது. கடல் கடந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழருக்கும் இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அத்தீவுகளில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆடவருள் நூற்றுக்கு 45 பேர் அளவினரும், மகளிருள் 38 பேர் அளவினரும் மிகை எடை உடையவர். நாடு முழுமைக்கும் நோக்கினால் இத்தொகை நூற்றுக்கு 23, 24 என்னும் அளவிலேயே நிற்கின்றது.

இங்கு எழும் வினாக்கள் இரண்டு. இம்முறை உடலை இளைக்கச் செய்யுமா என்பது ஒன்று. இதனை மேற்கொள்ளுதல் நன்றா என்பது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவ ஆராய்ச்சி விடை தரும். பின்னதற்கு நாமே சிந்தித்து விடை காணல் வேண்டும்.

முதற்கண் முறையின் இயல்பை நோக்குவோம். இதனைக் கைக்கொள்வோர் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரையில்தான் மாவுச்சத்துக் கொள்வர். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருத்தலால், ஒரு சிறு கிண்ணச் சோறே அன்றைய வரம்பை முடித்துவிடும். மாவுச்சத்து வாராதபோது கல்லீரல் கொழுப்பைச் சிதைத்துக் 'கீட்டோன்' என்னும் பொருள்களை ஆக்குகின்றது. மூளையும் தசையும் அவற்றை எரிபொருளாகக் கொள்கின்றன. பசியும் ஓரளவு தணிகின்றது என்பர்.

இது புதுமையும் அன்று. 1863-இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பார், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விடுத்துத் தாம் இளைத்த வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். 1921-இல் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளருக்கென இவ்வுணவை வகுத்துப் பெயரும் இட்டார். மருந்துக்கு அடங்காத வலிப்புடைய குழந்தைகளுக்கு இன்றும் இது பயன்படுகின்றது. 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூலால் இது எடை குறைக்கும் வழியாக உலகெங்கும் பரவிற்று.

இனி, இது பயன் தருமா? தரும் என்பதே நேர்மையான விடை. ஆயினும் அதன் அளவை அறிதல் வேண்டும். முதல் வாரத்தில் குறையும் எடையிற் பெரும்பகுதி நீரே. உடலிற் சேமித்த மாவுச்சத்துக் கரையுங்கால் அதனோடு கலந்திருந்த நீரும் வெளியேறுகின்றது. 2008-இல் வெளிவந்த இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றில் 322 பேர் ஈராண்டுகள் பங்கு கொண்டனர். மாவுச்சத்தைக் குறைத்தோர் சராசரி 4.7 கிலோவும், கொழுப்பைக் குறைத்தோர் 2.9 கிலோவும் இளைத்தனர். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஓராண்டு ஆராய்ந்தனர். மாவுச்சத்தைக் குறைத்தோர் 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தோர் 5.3 கிலோவும் இளைத்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அன்று என்று அவர்களே முடிவு கூறினர். இரு சாராரிலும் மிக இளைத்தவரும் உண்டு. எடை கூடியவரும் உண்டு. இரு சாராருக்கும் பொதுவாகக் கூறப்பட்ட அறிவுரை ஒன்று: சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விடுக, காய்கறிகளை மிகுதியாக உண்க, வீட்டிற் சமைத்து உண்க என்பதே அது.

ஆகவே, இளைப்பித்தது சோற்றின்மை என்னும் மந்திரம் அன்று. நெடுநாள் காக்க இயன்ற குறைவே என்பது தெளிவாகும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோரும், சிறுநீரக நோயுடையோரும், கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது இம்முறையில் இறங்குதல் தீங்காய் முடியும். சிலருக்குக் குருதியில் கெட்ட கொழுப்பு உயர்தலும் உண்டு.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். உணவைப் பற்றிப் பேசுங்கால் மக்கள் இருவகைப் பிழை செய்கின்றனர். ஒன்று, உணவையே குற்றவாளியாக்குதல். மற்றொன்று, பருத்தவனையே குற்றவாளியாக்குதல். இவ்விரண்டும் பொருந்தா என்பதை நிக்கோபார் மக்களின் வரலாறு காட்டும்.

நிக்கோபாரை நம் முன்னோர் நக்கவாரம் என்றனர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியிலும் மாநக்கவாரம் என்னும் பெயர் காணப்படுகின்றது. அத்தீவுப் பழங்குடியினரின் தொன்றுதொட்ட உணவு தேங்காய், பெரிய தாழைப்பழம், கிழங்கு, மீன், பன்றியிறைச்சி ஆகியன. தாழைப்பழத்தை நெடுநேரம் வேகவைத்து, நாரை நீக்கிப் பிசைந்து உண்பர். அது மாவுச்சத்து மிக்கது. தேங்காயோ கொழுப்பு மிக்கது. இரண்டும் ஒரே உணவில் ஒருங்கே இருந்தன. மரம் ஏறியும் படகு வலித்தும் உழைத்த உடல் அவ்விரண்டையும் தேடிப் பெற்றது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தென்னந்தோப்புகளையும் படகுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. உயிர் தப்பியோர் தகரக் கொட்டகைகளில் தங்கி, நிவாரணமாக வந்த அரிசியையும் பருப்பையும் சர்க்கரையையும் உண்டு நாள் கழிக்க நேர்ந்தது. பசித்தோர்க்கு அரிசி அளித்தது அறமே, அதில் ஐயமில்லை. ஆனால், தோப்பை இழந்து, உழைப்பை இழந்து, கொடுத்ததை உண்டு வாழ நேர்ந்தவனுக்குப் பின்னர் உடல் பருக்குமாயின், அதனை அவனது நாவின் குற்றம் என்று எவர் கூற வல்லார்?

குடியேறி வாழும் நம்மவர் நிலையும் இதனினும் பெரிதும் வேறன்று. சென்னைக்கும், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கின்றது. நிலத்திலிருந்து கப்பலேறி வரும் பண்டத்திற்குக் கூலியும் ஏறும். நியாயவிலைக் கடையில் மலிவாய்க் கிடைப்பது அரிசி. வெண்ணெயும் பாதாமும் பாலாடைக்கட்டியும் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டுவன அல்ல. இந்திய மக்கள் பெறும் ஆற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என 2025-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டிற்று. அது மிகையே, குறைக்க வேண்டியதே. ஆயினும் அதற்குக் காரணம் பேராசை மட்டும் அன்று. வறுமையும் விலையும் பழக்கமும் கூடியே அவ்வளவை அமைத்தன.

ஈண்டு நாம் கோசல மன்னன் பசேநதியை நினைத்தல் தகும். அவன் தோணம் என்னும் பேரளவைச் சோற்றை உண்டு, மூச்சு வாங்க ததாகதரிடம் வந்து அமர்ந்தான் எனச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. ததாகதர் அவனை இகழ்ந்தாரில்லை. சோற்றை நஞ்சென்றும் கூறினாரில்லை. நினைவோடிருந்து உணவில் அளவறிபவனுக்குத் துன்பம் மெலியும் என்னும் பொருளுடைய ஒரு பாடலைக் கூறினார். மன்னன் அருகே நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அப்பாடலைக் கற்று, தான் உண்ணும்போதெல்லாம் ஓதுமாறு பணித்து, அதற்கு நாள்தோறும் நூறு காசு அளித்தான். மன்னன் இறுதிக் கவளத்தை எடுக்குங்கால் இளைஞன் ஓத, அக்கவளத்தை மன்னன் விடுத்தான் என்றும், மறுநாள் அந்த அளவு அரிசி குறைத்தே உலையிலிடப்பட்டது என்றும் உரைநூல்கள் விரிக்கும். இவ்வாறு படிப்படியே குறைந்து நாழியளவில் நின்றான், உடலும் இளைத்தான்.

இவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. மன்னன் சோற்றை விடவில்லை, மிகையை விட்டான் என்பது ஒன்று. அதனையும் அவன் தனியே செய்யவில்லை என்பது மற்றொன்று. நாடாளும் வேந்தனுக்கே அளவைக் காக்க அருகில் ஒருவன் வேண்டியிருந்தது. அங்ஙனமாயின், எளிய குடும்பத்தானை 'உனக்கு மனவுறுதி இல்லை' என்று பழித்தல் எவ்வாறு முறையாகும்?

'சிறிது உண்ணத் தொடங்கினால் நிறுத்த இயலாதவர் உளரே. அவர்க்கு முற்றும் விலக்கல் அன்றோ எளிது?' என்று ஒருவர் தடை கூறலாம். அத்தடை பொருளுடையதே. கள்ளை முற்றும் விடுதல் அளவோடு குடித்தலினும் எளிது என்பதை அறியாதார் யார்? ஆதலின், கீட்டோ முறையை மேற்கொண்டு நலம் பெறுபவரை நாம் தடுப்போம் அல்லேம். ஆயினும் அவர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக் கொள்ளல் வேண்டும்.

எம் உடல் இளைப்பதற்காக முன்னினும் மிகுதியான உயிர்கள் மாய்கின்றனவா என்பது முதல் வினா. தேங்காய், கொட்டைகள், தயிர், கீரை ஆகியவற்றைக் கொண்டும் இம்முறையை ஓரளவு நடத்தலாம். நாள்தோறும் இறைச்சியைக் குவித்தல் கட்டாயம் அன்று. எம் உணவுக்காக வீட்டில் தாயோ மனைவியோ இரண்டு உலை வைக்கின்றாளா, பிள்ளைகளின் பாலுக்குரிய பணம் எம் வெண்ணெய்க்குச் செல்கின்றதா என்பது இரண்டாம் வினா. சோறு உண்பவனைக் கண்டு எம் உள்ளத்தில் இகழ்ச்சி எழுகின்றதா என்பது மூன்றாம் வினா. வயிறு சுருங்கிச் செருக்குப் பெருகுமாயின், ஒரு சுமையை இறக்கி மற்றொரு சுமையை ஏற்றியதாகவே முடியும்.

பிறர்க்கு அறிவுரை கூறுவோரும் மணிமேகலைக் காப்பியத்துச் சாதுவனை எண்ணுதல் நன்று. மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்த அவன், கொலையும் கள்ளும் தீதென அவர்தம் தலைவனுக்கு உரைத்தான். ஆயினும் ஊனே உண்டு வாழும் அம்மக்கள் அதனை ஒரே நாளில் விட இயலாது என்பதை உணர்ந்து, முதுமையால் மாயும் விலங்கின் ஊனை மட்டும் அவர்க்கு விலக்காது விட்டான். கேட்பவனால் இயலும் அறத்தையே அவன் கூறினான்.

ஆதலின் தீவுவாழ் அன்பர்கள் செய்யத்தக்கது அரிதன்று. தட்டில் சோற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பையும் கீரையையும் காயையும் வைக்கலாம். தேநீரிற் சர்க்கரையைக் குறைக்கலாம். மாலையில் நடக்கலாம். நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே எதனையும் மாற்றுதல் வேண்டும். அனைத்தினும் மேலாக, வீட்டில் ஒருவர் அளவைக் காக்க முயலுங்கால் 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்தாது, அன்போடு நினைவூட்டும் சுதர்சனனாக மற்றவர் நிற்பாராக. அவ்வுதவிக்கு நூறு காசும் வேண்டுவதில்லை.