நழுவும் உரிமை

ட்ரிஃப்ட் என்னும் கார் ஓட்டக் கலையைச் சொல்வது எளிது, செய்வது கடினம். வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே தரைப்பிடி இழக்கச் செய்ய வேண்டும். கார் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கும். வளைவு இடப்பக்கம் என்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலேட்டரை அளந்து அழுத்தி, அந்தச் சறுக்கலையே ஓட்டமாக்க வேண்டும். பயந்து கையையும் காலையும் எடுத்துவிட்டால் வண்டி சுழன்றுவிடும். இந்தப் போட்டிகளில் முதலில் வந்தவர் யார் என்று பார்ப்பதில்லை. எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில், எந்தத் தடத்தில் நழுவினார் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அழகாக நழுவத் தெரிந்தவருக்குப் பரிசு.

இந்தக் கலையின் அரசன் என்று உலகம் அழைப்பது ஜப்பானின் கெய்ச்சி ட்சுசியாவை. 1956இல் பிறந்தவர். மலைப்பாதை வளைவுகளில் சட்டத்துக்கு வெளியே பழகியவர். 1987இல் அந்த ஓட்டத்தைக் காட்டும் வீடியோ வெளியானபோது அவருடைய பந்தய உரிமம் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் 1995இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்ற அணியில் அவர் இருந்தார். 1999இல் அதே பந்தயத்தில் அவருடைய அணி ஒட்டுமொத்தமாக இரண்டாமிடம் பெற்றது. பிறகு அவரே நடுவராக உட்கார்ந்து இளையவர்களின் சறுக்கலுக்கு மதிப்பெண் போட்டார்.

இந்த வாழ்க்கைக் கோட்டில் என்னை நிறுத்துவது வெற்றிகள் அல்ல, அந்த 1987. ஒருவர் வரம்பு மீறினார், தண்டனை வந்தது, தண்டனை முடிந்தது, வாழ்க்கை தொடர்ந்தது. மீறல் அவருடைய பெயரை அழிக்கவில்லை. பெயரின் ஒரு பகுதியானது. இப்படியொரு வாய்ப்பு நம் ஊரில் யாருக்குக் கிடைக்கிறது? உயிரைப் பணயம் வைக்கலாமா என்பது பழைய கேள்வி. பணயம் வைத்தவர் ஆண் என்றால் வீரம் என்றும், பெண் என்றால் திமிர் என்றும் ஏன் பெயர் வைக்கிறோம் என்பதே என் கேள்வி.

செஞ்சி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு குதிரையும் ஒரு தீயும் சாட்சி. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துச் சில நூறு பேரோடு கிளம்பி மாண்டவன் தேசிங்கு. இருபத்திரண்டு வயது என்று மரபு சொல்கிறது. யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கியதையும், தோல்வி உறுதியான போருக்கு அதன் மேலேறிப் போனதையும் கதைப்பாடல் கொண்டாடுகிறது. கணக்குப் பார்த்தால் அது அறிவுள்ள முடிவல்ல. ஆனாலும் இந்த மண் அவனை மன்னித்தது மட்டுமல்ல, காதலித்தது. அவனுடைய இளம் மனைவி தீப்புகுந்தாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே சாகசம் நெருப்பு. அவன் தேர்ந்தெடுத்த ஆபத்தின் மிச்சத்தை அவள் சுமந்தாள். ஊருக்கு அவள் பட்டம்தான் கிடைத்தது, பெயர் அல்ல.

இது வெறும் பழக்கம் அல்ல, இலக்கணமாகவே எழுதிவைத்திருக்கிறோம். தொல்காப்பியம் ஆணுக்குப் பெருமையையும் உரனையும் தருகிறது. பெண்ணுக்கு அச்சமும் நாணமும் மடமும். பட்டியல் அச்சத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மற்ற குணங்கள் குடியேறுவதற்கு முன்னால் பயம் குடியேறியிருக்க வேண்டும்.

மடலேறுதலையும் எண்ணிப் பாருங்கள். காதல் கைகூடாத ஆண், பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊர்த்தெருவில் அதன் மேல் வருவான். கருக்கு உடலைக் கிழிக்கும், ஊர் சிரிக்கும். உடலையும் மானத்தையும் ஒருசேரப் பந்தயம் வைக்கும் ஓட்டம் அது. அந்தப் பொய்க்குதிரையில்கூடப் பெண் ஏறக்கூடாது என்று தொல்காப்பியம் விலக்கு வைத்தது. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருமங்கையாழ்வாரின் திருமடல்களில் ஒரு பெண்குரல் அந்த விலக்கை ஏற்க மறுத்து, மடலூர்வேன் என்று மிரட்டுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குரலை எழுதியவர் ஆண். அவள் காதலித்ததோ கடவுளை. பக்கத்துத் தெருப் பையனுக்காக ஒரு பெண் மடலேறிய பாட்டு நம்மிடம் இல்லை.

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். தமிழ்நாடு பந்தயத்துக்குப் புதிய மண் அல்ல. சோழவரம் விமானத் தளத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டைத் தடம்வரை நீண்ட வரலாறு உண்டு. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், 2005இல், கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் கார் துபாயில் பயிற்சியின்போது தடுப்பில் மோதிச் சிதைந்தது. சில நாட்களில் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. ஐம்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்காகத் தமிழ்நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். அதே காரிலிருந்து ஐம்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளைகளின் தாய் இறங்கியிருந்தால் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும்? "பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தாளா?"

சென்னையின் அலிஷா அப்துல்லா ஒன்பது வயதில் கோ-கார்ட்டில் உட்கார்ந்தவர். பிறகு சூப்பர்பைக்கில் ஆண்களோடு மோதினார், விழுந்து அடிபட்டார், கார்ப் பந்தயத்துக்கு வந்தார். பெண்களுக்கென்றே பந்தயப் பயிற்சியும் தொடங்கினார். அவருடைய அப்பா ஆர்.ஏ. அப்துல்லா தேசிய பைக் பந்தய வெற்றியாளர். ஜப்பானிலும் இதே கதை. 2024இல் அந்நாட்டின் சூப்பர் ஃபார்முலா பந்தயத்தில் ஓட்டிய முதல் ஜப்பானியப் பெண் ஜூஜு நோடா. அவர் அப்பா ஹிடெகி நோடா முன்னாள் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். மகள்களின் திறமையை இது குறைப்பதில்லை. ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. பந்தயக்காரர் வீட்டில் பிறக்கும் பையனுக்கு அப்பா வழிகாட்டி. பெண்ணுக்கு அவர் வழிகாட்டியும் அனுமதிச் சீட்டும். டயருக்கும் எஞ்சினுக்கும் லட்சக்கணக்கில் செலவாகும் இந்த விளையாட்டில், அப்படி ஓர் அப்பா கிடைக்காத, கிடைத்தாலும் காசில்லாத பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

நான் பாடம் நடத்தும் பிள்ளைகள் அந்தப் பட்டியலுக்கு வெகு தொலைவில் இருப்பவர்கள். அவர்களுடைய பந்தயம் கடைசிப் பேருந்தோடுதான். ஒருநாள் மடலேறுதல் பாடத்தின் நடுவே, உங்களில் எத்தனை பேருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். பாதிக்குமேல் கை தூக்கினார்கள். வீட்டில் வண்டி கொடுப்பார்களா என்றதும் கைகள் இறங்கின. ஒரு மாணவி சொன்னாள்: "அண்ணன் விழுந்தா, 'அடிபட்டுச்சா, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு கேப்பாங்க மேம். நான் விழுந்தா, 'உன்னை யாரு போகச் சொன்னது'ன்னு கேப்பாங்க." அன்றைக்கு அதற்குமேல் நான் விளக்கவேண்டியது எதுவும் இருக்கவில்லை.

பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இங்கு ஓர் எதிர்வாதம் உண்டு. வேகம் ஆண்கள் செய்த பொம்மை. பெட்ரோலை எரித்து, உயிரைக் கொடுத்து நிரூபிக்க என்ன இருக்கிறது. அந்தப் பொம்மைக்கு நாமும் ஏன் கை நீட்ட வேண்டும் என்பது. இதை நான் எளிதில் தள்ளமாட்டேன். விழுப்புரம்–செஞ்சிச் சாலையில் சைக்கிளில் பால் கொண்டுபோகும் பெரியவர் யாருடைய சாகசத்துக்கும் சம்மதம் கொடுக்கவில்லை. மலைப்பாதையில் ட்சுசியா பழகிய இரவுகளில் எதிரே வந்திருக்கக்கூடியவரும் கொடுக்கவில்லை. தன் உடலைப் பணயம் வைப்பது வேறு, பிறர் உடலைப் பணயம் வைப்பது வேறு. வேலியிட்ட தடத்துக்கும் பொதுச் சாலைக்கும் உள்ள அறவேறுபாடு அதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றே.

ஆனால் பெண்ணைத் தடுப்பவர்கள் பால்காரப் பெரியவருக்காகத் தடுப்பதில்லை. அவள் உயிருக்காகவும் அல்ல. உயிர்தான் கவலை என்றால் பதினெட்டு முடிந்ததும் கல்யாணம், உடனே பிள்ளை என்று அவசரப்பட மாட்டார்கள். பிரசவம், விறகடுப்பின் புகை, அடிக்கும் கணவனோடு "அனுசரித்துப் போ" என்ற அறிவுரை, எல்லாமே ஆபத்துகள்தான். அவற்றில் இறங்க யாரும் தடைபோடுவதில்லை. மறுக்கப்படுவது ஆபத்து அல்ல, ஆபத்தைத் தானே தேர்ந்தெடுப்பது.

இதில் அறிவு சார்ந்த இழப்பும் ஒன்று இருக்கிறது. சறுக்கும் வண்டியை மீட்பதைச் சறுக்கித்தான் கற்க முடியும். பாடப்புத்தகத்தில் படிக்க முடியாது. ஒருமுறையும் பிடி விட அனுமதிக்கப்படாதவளுக்கு, பிடி விடும் நாளில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. அன்று அவள் தடுமாறினால், "பார், பெண்ணால் முடியாது" என்பார்கள். பாதுகாப்பு முதலில் இயலாமையை உண்டாக்குகிறது, பிறகு அதையே சான்றாகக் காட்டுகிறது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். விழாமல் சைக்கிள் கற்றவர் எங்கும் இல்லை. ஊர் பார்க்க விழுந்து, சேலையைத் தட்டிவிட்டு மீண்டும் ஏறியதுதான் அவர்கள் செய்த புரட்சி. 1993இல் குமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு பேருந்து நிறையப் பயணிகள் ஒரு பெண்ணின் கைக்குத் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போது கல்வெட்டின் பொருளைச் சொல்வேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலைச் செய்ததாக மகேந்திரவர்மன் அதில் சொல்லிக்கொள்கிறான். அதுவரை கட்டடம் நம்பியிருந்த ஒவ்வொரு பிடியையும் விட்டுப்பார்த்த ஏழாம் நூற்றாண்டு மனிதன். அங்கே அவன் தனக்குச் சூட்டியிருக்கும் பெயர் விசித்திரசித்தன். வழக்கத்துக்கு மாறானதை நினைக்கும் மனம் அரசனிடம் இருந்தால் அது விருது, கல்லில் பொறிக்கப்படும். அதே மனம் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் இருந்தால் "அவளுக்குப் புத்தி ஒரு மாதிரி" என்பார்கள்.

எல்லாப் பெண்களும் பந்தயக் கார் ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலோருக்கு அதில் விருப்பம் இருக்காது, எனக்கும் இல்லை. விழுந்தவளிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியை மாற்றலாம் என்கிறேன். "உன்னை யார் போகச் சொன்னது" என்பதை விட்டுவிட்டு, அவள் அண்ணனிடம் கேட்பதைப்போல அவளிடமும் கேட்போம்: "அடிபட்டுச்சா? திரும்ப ஏறுறியா?"